பொருநைப் பத்தின் முதலிடம் மீண்டும் ஒலிக்க வேண்டி

அனுப்புநர்:
த. பெர்சிஸ்,
நிகழ்ச்சித் தொகுப்பாளர்,
பொருநைக் குரல் சமுதாய வானொலி,
பாளையங்கோட்டை, திருநெல்வேலி.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திருநெல்வேலி.

பொருள்: 'பொருநைப் பத்து' வாராந்திரப் பாடல் வரிசை – நான்கு சமுதாய வானொலிகளில் ஒலிபரப்பு – முதலிடம் பெற்ற பாடலுக்குத் தடை – அதற்குப் பதில்பாட்டுப் பாடிய பேருந்து ஓட்டுநர் மீது நடவடிக்கை – இரண்டையும் விலக்கிக்கொள்ள வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: எங்கள் நிலையத்துக்கு வந்த அறிவுறுத்தல் கடிதம், அதன்பின் விளக்கம் கேட்டு வந்த கடிதம் (நகல்கள் தனி உறையில்).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பார்வையில் கண்ட கடிதங்களை அனுப்பிய அலுவலகத்தின் பெயரை இம்மனுவில் நான் எழுதவில்லை. அது உறைக்குள் இருக்கிறது. தாங்கள் அறிந்தால் போதும். ஒருவரைத் தலைகுனிய வைக்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை. எங்களைத் தலைகுனியச் சொல்ல வேண்டாம் என்பதே வேண்டுகோள்.

1. நான் பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்தவள். வானொலிக்கு வருமுன் ரயில் சந்திப்புப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் ஒலிபெருக்கி அறிவிப்பாளராக வேலை பார்த்தேன். மூன்றாம் தளத்தில் பட்டுக்குத் தள்ளுபடி என்பதையும், நீலச் சட்டை போட்ட குழந்தை கல்லாப் பக்கம் அழுதுகொண்டு நிற்கிறது என்பதையும் ஒரே குரலில் சொல்லக் கூடாது என்று அங்கேதான் கற்றுக்கொண்டேன். 'மைக் அக்கா' என்று அன்று கிடைத்த பெயர் இன்றும் எனக்கு உண்டு. அதை ஒரு பட்டமாகவே எண்ணுகிறேன்.

2. 'பொருநைப் பத்து' எங்கள் நிலையத்தில் தொடங்கிய நிகழ்ச்சி. சினிமாப் பாட்டு ஒலிபரப்ப உரிமை வாங்கும் வசதி எங்களுக்கு இல்லை. ஆகவே இந்தப் பொருநை ஆற்றுப் படுகையில் வாழ்கிறவர்கள் தாங்களே கட்டி, தாங்களே பாடி அனுப்பும் பாட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். கைபேசியில் பாடி அனுப்பினால் போதும். நேயர்கள் தொலைபேசியில் அழைத்துத் தங்களுக்குப் பிடித்ததைச் சொல்வார்கள். அதன்படி பத்தாம் இடத்திலிருந்து முதலிடம் வரை ஞாயிறு காலை பத்து மணிக்கு வரிசையாக ஒலிபரப்புவோம். சிபாரிசால் இந்த வரிசை மாறியதில்லை. என் சொந்தத் தம்பி எஸ்றா பாடிய பாட்டு பத்தாம் இடத்தைக்கூட எட்டவில்லை. கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வந்தவன் என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் பிரியாணியை மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போனான்.

3. பிறகு மூன்று வானொலிகள் தாமாக முன்வந்து எங்களோடு சேர்ந்தன. விக்கிரமசிங்கபுரத்தில் நூற்பாலைத் தொழிலாளர் குடும்பங்கள் நடத்தும் நிலையம், ஸ்ரீவைகுண்டத்தில் வாழை விவசாயிகள் சங்கம் நடத்தும் நிலையம், மேலப்பாளையத்தில் நெசவாளர்களும் பீடித் தொழிலாளர்களும் நடத்தும் நிலையம் ஆகியவை. நான் இங்கிருந்து நேரலையில் பேசுவதை இணையம் வழியே எடுத்து அவர்கள் தங்கள் ஊருக்கு ஒலிபரப்புகிறார்கள். நடுவே ஓர் இடைவெளி விடுவேன். அதில் அந்தந்த நிலையம் தன் ஊர்ச் செய்தியைச் சொல்லும். விக்கிரமசிங்கபுரத்தில் ஆலை ஷிப்ட் மாற்றம், ஸ்ரீவைகுண்டத்தில் வாய்க்காலில் தண்ணீர் திறப்பு, மேலப்பாளையத்தில் நிக்காஹ் அறிவிப்பு. ஸ்ரீவைகுண்டம் தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்தது என்பதை அறிவேன். ஆறு அங்கேயும்தான் போகிறது.

வெள்ளம் சூழ்ந்து மின்சாரமும் இணையமும் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையிலும் ஸ்ரீவைகுண்டம் நிலையம் எங்கள் நிகழ்ச்சியை விடவில்லை. அதன் பொறுப்பாளர் அப்பாத்துரை அண்ணாச்சி டிராக்டர் பேட்டரியில் கருவிகளை ஓட்டி, கைபேசியில் என்னை அழைத்து, அதை மைக்கின் முன்னால் பிடித்தபடி என் குரலை ஊருக்கு அனுப்பினார். இந்த நேரத்தில் பாட்டா முக்கியம் என்று நான் கேட்டதற்கு, "வழக்கமான பாட்டு வழக்கமான நேரத்துக்கு வந்தாத்தான், நாம இன்னும் மத்த ஊரோட சேந்துதான் இருக்கோம்னு சனத்துக்குத் தைரியம் வரும், பெர்சிஸு" என்றார். இப்படிப்பட்டவர்கள் சுமந்து செல்லும் நிகழ்ச்சி இது.

4. இனி இம்மனுவுக்குக் காரணமான பாட்டு. மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் நஃபீஸத் என்பவரின் மகள் ஷம்ஸியா, பட்டம் முடித்து அரசுப் பணித் தேர்வுக்குப் படித்து வந்தார். தேர்வு நாளன்று தறிக்கூடம் நிறுத்தத்தில் அம்மாவும் மகளும் அதிகாலையிலேயே போய் நின்றார்கள். மகளிர் கட்டணமின்றிச் செல்லும் நகரப் பேருந்து வந்தது. பெண்கள் கை காட்டினார்கள். பேருந்து நிற்காமல் போயிற்று. அடுத்ததும் அப்படியே. கடைசியில் ஆட்டோ பிடித்துத் தேர்வு மையத்துக்குப் போனபோது கதவை அடைத்துவிட்டார்கள். தேர்வுச் சீட்டைக் கையில் பிடித்தபடியே ஷம்ஸியா வீடு திரும்பினார்.

மகள் அழுதுகொண்டே உறங்கிப்போனார். அம்மா அழவில்லை. மறுநாள் பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு, இலையைச் சுருட்டச் சுருட்ட ஒரு பாட்டைக் கட்டினார். அக்கம்பக்கத்துப் பெண்கள் பின்பாட்டுப் பாட, அதைக் கைபேசியில் பதிவு செய்து எங்களுக்கு அனுப்பியவர் ஷம்ஸியாவேதான். அதன் தொடக்கம் இது:

நிக்காமப் போற வண்டியே – உனக்கு
நெஞ்சுக்குள்ள பிரேக்கு இல்லையா?
டிக்கட்டு இல்லன்னு சொன்னாவ – எங்களுக்கு
டிரைவரும் இல்லன்னா சொன்னாவ?

5. ஐயா, இப்பாட்டில் வசை கிடையாது. எவர் பெயரும் கிடையாது. அரசு தந்த சலுகையைக் குறை சொல்லும் ஒரு சொல்லும் கிடையாது. அந்தச் சலுகை தம் காலடியில் வந்து நிற்க வேண்டும் என்றுதான் அந்தப் பெண்கள் பாடினார்கள். ஒன்பதாம் இடத்தில் நுழைந்த பாட்டு வாரந்தோறும் மேலே ஏறியது. ஆற்றின் மேற்கே விக்கிரமசிங்கபுரத்திலிருந்தும் கிழக்கே ஸ்ரீவைகுண்டத்திலிருந்தும் அழைப்புகள் வந்தன. ஆலைக்குப் போகும் பெண்ணும் வாழைத்தோட்டத்துக்குப் போகும் பெண்ணும் "இது எங்க பாட்டுல்லா" என்றார்கள். முதலிடம் பெற்ற செய்தியை நஃபீஸத்திடம் சொல்ல நான் தொலைபேசியில் அழைத்தேன். "அல்லாவே! எம்மவ பரீச்சையில வாங்க வேண்டிய முதல் ரேங்க நான் வாங்கிட்டேனா?" என்று சிரித்தார்.

6. பார்வையில் கண்ட முதல் கடிதம் அந்த வாரத்தில்தான் வந்தது. மேற்படிப் பாட்டு அரசுப் பணியாளரின் மாண்பைக் குலைப்பதால் நான்கு நிலையங்களும் அதை ஒலிபரப்பக் கூடாது என்றும், மீறினால் உரிமம் குறித்து மேலிடத்துக்கு எழுதப்படும் என்றும் அதில் கண்டிருந்தது. அப்பாத்துரை அண்ணாச்சிக்குத் தொலைபேசியிலும் சொல்லியிருக்கிறார்கள். அவர் கொடுத்த பதிலை அவரே பெருமையாக எங்களிடம் சொன்னார்: "சார், நாங்க வாழைக்குத் தார் வெட்டுததும் தண்ணி பாச்சுததும்தான் தெரிஞ்சவங்க. ஆனா முதல்ல வந்த ஆள ரெண்டாவதுன்னு சொல்லத் தெரியாது."

7. நான்கு நிலையத்தாரும் எங்கள் அரங்கில் கூடிப் பேசினோம். எல்லாரும் ஒரே மனதாக இருந்தோம் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். மேலப்பாளையம் நிலையத்துக்கு உரிமம் புதுப்பிக்கும் விண்ணப்பம் நிலுவையில் இருந்தது. அதை நடத்தும் அகமது மீரான் அண்ணாச்சி, "எங்க ஊருப் பொம்பளப் பிள்ளைய பாட்டு. அத விட்டுக்குடுக்க எனக்கு மனசு இல்ல. ஆனா ஸ்டேஷன மூடிட்டாவன்னா நாளைக்கு அந்தப் பிள்ளைய எங்க போயி பாடும்?" என்று கேட்டார்.

பதில் சொன்னவர் நஃபீஸத். கூட்டத்துக்கு அவரையும் அழைத்திருந்தோம். "அண்ணாச்சி சொல்லுததுதான் சரி. பாட்டப் போடாதிய. ஆனா மைக் அக்கா, அந்த எடத்துல வேற பாட்டயும் போட்டுராதிய. எங்களுக்குக் கெடச்ச எடம், சும்மாவாவது கெடக்கட்டும்" என்றார். அப்படியே தீர்மானித்தோம். இதில் அரசின் சொல்லை மீறும் எண்ணம் ஒரு துளியும் இல்லை என்பதைத் தாங்கள் மனத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

8. அந்த ஞாயிறு, இரண்டாம் இடத்துப் பாட்டு முடிந்ததும் நான் அறிவித்தது இவ்வளவே: "இந்த வாரம் முதலிடம், மேலப்பாளையம் நஃபீஸத் குழுவினரின் பாட்டு. அதை ஒலிபரப்ப எங்களுக்கு இன்று அனுமதி இல்லை. பாட்டின் நேரம் அவர்களுடையது." பிறகு மைக்கைத் திறந்தே வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அரங்கின் மின்விசிறிச் சத்தம் மட்டும் காற்றில் போயிற்று. வானொலியில் பேசுகிறவர்களுக்கு மௌனத்தைப் போல அச்சம் தருவது வேறில்லை. மற்ற நிலையங்கள் அந்த நேரத்தில் தங்கள் விளம்பரத்தையோ வேறு பாட்டையோ போட்டிருக்கலாம், தடுக்க எவருமில்லை. ஒரு நிலையமும் அப்படிச் செய்யவில்லை. மூன்று ஊர்களிலும் என் அரங்கின் மின்விசிறிதான் ஓடியது.

நான் எதிர்பாராதது அடுத்து நடந்தது. மேலப்பாளையத்தில் பீடி சுற்றிக்கொண்டிருந்த பெண்கள் அந்த மௌனத்துக்குள் தாங்களே பாடத் தொடங்கினார்கள். தெருவில் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் பாட்டு போயிற்று. விக்கிரமசிங்கபுரத்தில் ஆலைக்கு எதிரே தேநீர்க்கடை வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆண்கள் பாடினார்கள். ஸ்ரீவைகுண்டத்தில் இலைக்கட்டு ஏற்றிக்கொண்டிருந்த பெண்கள் வரப்பில் நின்று பாடினார்கள். எங்கள் தொலைபேசி ஓயாமல் அடித்தது. எடுத்தால் எவரும் பேசவில்லை, பாடினார்கள். நான் எதையும் ஒலிபரப்பவில்லை. காதில் வைத்துக் கேட்டேன். இத்தனை ஆண்டுகள் மைக் முன்னால் பேசிய எனக்கு, பேசாமல் இருந்த அந்த நேரமே பெருமையான நேரம்.

9. அந்த வாரமே காக்கிச் சட்டையோடு ஒருவர் எங்கள் நிலையத்துக்கு வந்தார். அதே வழித்தடத்தில் பேருந்து ஓட்டும் கிருபைராஜ். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று எண்ணி நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

"எக்கா, அன்னைக்கு அந்த வண்டிய ஓட்டுனது நான் இல்ல. ஆனா நானா இருந்தா நின்னிருப்பேன்னு சத்தியம் பண்ண மாட்டேன். சந்திப்புக்குப் போயிச் சேர எங்களுக்குக் குடுத்திருக்க நேரத்துல, எல்லா ஸ்டாப்புலயும் நின்னா வண்டி போயிச் சேராது. லேட்டுன்னா மெமோ. அந்தப் பொம்பளைய கேக்குதது நியாயந்தான். ஆனா எங்க பக்கம் யாரு பாடுதா?" என்றார்.

நீங்கள் பாடுங்கள் என்றேன். அவர் தம் சபைப் பாடகர் குழுவில் பாடுகிறவர் என்பது எனக்கு அப்போது தெரியாது. நின்றபடியே, கையில் இருந்த தொப்பியைத் தொடையில் தட்டித் தாளம் போட்டுப் பாடினார்:

நிறுத்தத்தான் காலு போகுது தாயி – மேல
நேரம் போட்டவன் நெருக்குதான் தாயி
கையக் காட்டின பேரையெல்லாம்
கண்ணாடியில பாத்துக்கிட்டே போறேன் தாயி

10. இப்பாட்டு 'பொருநைப் பத்து' நிகழ்ச்சியில் பத்தாம் இடத்தில் ஒலித்தது. அன்று முதல் நடந்ததைத் தாங்கள் விசாரித்தே அறியலாம். கிருபைராஜ் தம் பேருந்தைத் தறிக்கூடம் நிறுத்தத்தில் நிறுத்தத் தொடங்கினார். பெண்களும் கூட்டமாக மறித்து நேரம் கடத்தாமல், வரிசையாக நின்று சட்டென்று ஏறினார்கள். ஒருவர் மற்றவருக்காகச் சற்று விரைந்துகொண்டதில் தாமதம் வெகுவாகக் குறைந்தது. மற்ற ஓட்டுநர்களும் நிறுத்தலானார்கள். எந்த ஆணையும் இல்லாமல், இரண்டு பாட்டுகளால் இது நடந்தது. இதை எந்த மேடையிலும் நிமிர்ந்து நின்று சொல்வேன்.

ஆனால் அனுமதியின்றி வானொலியில் பாடிப் பணியிடத்தைக் குறை கூறினார் என்று கிருபைராஜிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். அவருக்கு வண்டி கொடுக்காமல், சீருடையோடு பணிமனை மரத்தடியில் உட்கார வைத்திருக்கிறார்கள். எங்களுக்கும் இரண்டாம் கடிதம் வந்தது. முன்பு விட்ட மௌனம் 'திட்டமிட்ட அவமதிப்பு' என்றும், கிருபைராஜின் பாட்டையும் இனி ஒலிபரப்பக் கூடாது என்றும் அது கூறுகிறது. பாடக் கூடாது என்றார்கள், பாடவில்லை. பாடாமல் இருந்ததற்கும் விளக்கம் கேட்டால் மூன்றாவதாக என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்கு விளங்கவில்லை.

11. ஷம்ஸியா மீண்டும் தேர்வுக்குப் படிக்கிறார். ஆட்டோவுக்குச் சொல்லி வைக்கவா என்று அம்மா கேட்டதற்கு, "வேண்டாம்மா, பஸ்ஸுலயே போவேன். நம்ம நிப்பாட்டுன பஸ்ஸுல்லா" என்றாராம்.

12. இந்த வார வாக்குகள் வந்துவிட்டன. கிருபைராஜின் பாட்டு முதலிடம். நஃபீஸத்தின் பாட்டு இரண்டாமிடம். முதலிடம் போனதை நஃபீஸத்திடம் சொல்லச் சற்றுத் தயங்கினேன். அவர் பட்டென்று, "நானே அவருக்குத்தான போன் போட்டேன்! எங்க தெருவுல முக்காவாசிப் பேரு அவருக்குத்தான் போட்டாவ. எங்களுக்காக நின்ன மனுசன், மரத்தடியில உக்காந்து கெடக்காருல்லா" என்றார். ஐயா, ஒரு போட்டியில் தம் எதிரிக்கு வாக்களித்து அவரை முதலிடத்தில் ஏற்றிய பெண்களின் ஊர் இது. இப்படி ஒரு வரிசையை அறிவிக்கும் பேறு வேறு எந்த அறிவிப்பாளருக்குக் கிடைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆகவே, தாங்கள் பெரிய மனது கொண்டு,

(அ) இரு பாட்டுகள் மீதும் உள்ள தடையை விலக்கவும், மேலப்பாளையம் நிலையத்தின் உரிம விண்ணப்பத்தை இவ்விவகாரம் பாதிக்காமல் பார்த்துக்கொள்ளவும்,

(ஆ) ஓட்டுநர் கிருபைராஜ் மீதான நடவடிக்கையைக் கைவிட்டு, அவரை அதே வழித்தடத்தில் பணியமர்த்தப் பரிந்துரைக்கவும்,

(இ) அவ்வழித்தடத்தின் காலை நேரப் பேருந்துகளுக்குரிய பயண நேரத்தை, ஓட்டுநர்களையும் பயணம் செய்யும் பெண்களையும் ஒருசேர அழைத்துக் கேட்டுத் திருத்தி அமைக்கவும்

ஆவன செய்யுமாறு நான்கு வானொலிகளின் சார்பில் வேண்டுகிறேன். வரும் ஞாயிறு பத்து மணிக்குள் தங்கள் உத்தரவு கிடைத்தால் இரண்டு பாட்டுகளையும் மகிழ்ச்சியோடு ஒலிபரப்புவோம். கிடைக்காவிட்டால் இரண்டு இடங்களையும் உரியவர்கள் பெயரைச் சொல்லிக் காலியாக விடுவேன். இதை மிரட்டலாக எண்ண வேண்டாம் ஐயா. வரிசையைப் பொய்யாக அறிவிக்க என்னால் இயலாது என்பதை முன்கூட்டியே தெரிவிப்பது என் கடமை.

இம்மனுவில் நிலையப் பொறுப்பாளர்களோடு நஃபீஸத்தும் பின்பாட்டுப் பாடிய பெண்களும் கையொப்பமிட்டுள்ளார்கள். கிருபைராஜ் பணி விதிகளுக்குக் கட்டுப்பட்டவர் என்பதால் நாங்கள் அவரிடம் கையொப்பம் கேட்கவில்லை. இதை எழுதி முடிக்கும் நேரத்தில் அவர் மனைவி ரீபா தாமாகவே நிலையத்துக்கு வந்தார். முதல் கையொப்பம் யாருடையது என்று கேட்டார். நஃபீஸத்துடையது என்று காட்டினேன். "அப்ப அவுக பக்கத்துலயே போடுதேன். கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லிராதிய" என்று பேனாவை வாங்கினார். அங்கே இடம் குறுகலாக இருந்தது. ஆனாலும் அவர் கையொப்பத்தை அந்த இடத்திலேயே தாங்கள் காணலாம்.

தங்கள் ஆணையை நம்பிக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
த. பெர்சிஸ்

இடம்: பாளையங்கோட்டை
நாள்: 09.02.2026

இணைப்பு: இரு கடிதங்களின் நகல்கள்; இரு பாட்டுகளின் ஒலிப்பதிவு – தாங்கள் ஓய்வாகக் கேட்பதற்கு.